கட்டியது ஒன்று, ஓடுவது ஒன்று

எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டியவர்கள் எல்லோரும் அந்த வரிகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு வீடியோவை மாற்றித் தரச் சொன்னால், வேலையில் இறங்குமுன் அது திரையில் தன் வரலாற்றைக் கொட்டும். லிப்ஏவியூடில், லிப்ஏவிகோடெக், லிப்ஏவிஃபார்மட் என்று ஒவ்வொரு லைப்ரரியின் பெயருக்கும் எதிரே ஒரே எண் இரண்டு முறை இருக்கும், நடுவில் ஒரு சாய்கோடு: 56.70.100 / 56.70.100. பெரும்பாலோர் இதைப் படிப்பதில்லை. அதை மறைக்கவே தனியாக ஒரு விருப்பம் உண்டு. இடப்பக்கத்து எண், நிரலைக் கட்டிய நேரத்தில் கைவசம் இருந்த ஹெடர் கோப்பு சொன்னது. வலப்பக்கத்து எண், இந்த நிமிடம் நினைவகத்தில் ஏறியிருக்கும் லைப்ரரியைக் கேட்டு, அது தன் வாயால் சொன்னது. இரண்டும் ஒன்றாக இருக்கும் நாளில் அந்தச் சாய்கோடு வெறும் இட விரயம். வேறாக இருக்கும் நாளில், நிரல் ஏன் படுத்துவிட்டது என்ற விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு மென்பொருள் தன்னைப் பற்றிச் சொல்லும்போது எந்த எண்ணைச் சொல்ல வேண்டும்? கட்டிய பதிப்பையா, ஓடும் பதிப்பையா, இரண்டையுமா? இரண்டும் முரண்பட்டால் என்ன செய்ய வேண்டும்? சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் கிட், ஓப்பன்எஸ்எஸ்எச், எஸ்க்யூலைட், எச்டிஎஃப்5, பிஎச்பி என்று பெரிய பெரிய திட்டங்கள் இதற்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத பதில்களைச் சொல்லியிருக்கின்றன. சில பதில்கள் சர்வர்களின் கதவைப் பூட்டியிருக்கின்றன. எனவே எடை போட்டுப் பார்ப்பது தகும்.

முதலில் இயக்கத்தைப் பார்த்துவிடலாம். சி மொழியில் ஒரு லைப்ரரியின் பதிப்பு எண் இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று, ஹெடர் கோப்பில் மேக்ரோவாக. கம்பைலர் அந்தப் பெயரைக் கண்ட இடத்தில் எல்லாம் எண்ணை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதன்பிறகு அது உங்கள் நிரலின் சொத்து, லைப்ரரிக்கும் அதற்கும் உறவில்லை. மற்றொன்று, லைப்ரரியின் உள்ளே ஒரு ஃபங்ஷனாக. அதை அழைத்தால் அப்போது யார் ஏறியிருக்கிறாரோ அவர் பதில் சொல்வார். டைனமிக் லிங்கிங் என்ற ஏற்பாட்டின் உயிர்நாடியே இந்த இரண்டும் வேறாக இருக்கலாம் என்பதுதான். லைப்ரரியில் ஓட்டை கண்டால் லைப்ரரியை மட்டும் மாற்றலாம், அதை நம்பி இருக்கும் நூறு நிரல்களையும் மறுபடி கட்ட வேண்டாம். ஆகவே வேறுபாடு நோய் அல்ல, பெரும்பாலான நாட்களில் அது ஆரோக்கியத்தின் அடையாளம். இதை மறந்தவர்கள் எழுதிய சோதனைகள்தான் பின்னால் வம்பு செய்தன.

கட்டிய பதிப்பை மட்டும் சொன்னால் போதும் என்பவர்களின் வாதத்தைக் கேட்போம். அவர்கள் சொல்வது: கட்டும்போது எந்த ஹெடர் இருந்ததோ அதற்கேற்பத்தான் நிரலின் உள்ளே வசதிகள் சேர்ந்தன அல்லது விடுபட்டன. லைப்ரரி புதிதாக வந்துவிட்டாலும், பழைய ஹெடரோடு கட்டிய நிரலுக்குப் புதிய வசதி தெரியாது. ‘புது கர்ல் போட்டிருக்கிறேன், ஆனாலும் அந்த விருப்பம் வேலை செய்யவில்லையே’ என்று ஒருவர் கேட்டால், பதில் கட்டிய பதிப்பில்தான் இருக்கிறது. ஓடும் பதிப்பைத் தெரிந்துகொள்ளத்தான் டிபிகேஜி, ஆர்பிஎம் போன்ற பேக்கேஜ் மேலாளர்கள் இருக்கிறார்களே!

வாதத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி 2014 ஏப்ரல் மாதத்தில் உடைந்துபோனது.

ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியான வாரம் அது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை, 1.0.1ஜி-யில் அடைப்பு. உலகம் முழுக்க நிர்வாகிகள் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன்’ என்று தட்டிப் பார்த்தார்கள். டெபியன் வீசி வைத்திருந்தவர்களுக்கு 1.0.1இ, 2013 பிப்ரவரி 11 என்று வந்தது. மேம்படுத்திவிட்டு மறுபடி தட்டினார்கள், அதே 1.0.1இ, அதே பழைய தேதி. காரணம், டெபியனும் ரெட் ஹேட்டும் உபுண்டுவும் புதிய பதிப்புக்குத் தாவவில்லை. பழைய பதிப்பிலேயே ஒட்டுப்போட்டு, பேக்கேஜ் எண்ணின் வாலை மட்டும் நீட்டின. லைப்ரரி தன்னைப் பற்றிச் சொன்ன எண் உண்மை, ஆனால் பயனற்ற உண்மை. கடைசியில் மக்கள் பிடித்துக்கொண்ட துரும்பு, அதே கட்டளையின் விரிவான வடிவில் வரும் ‘பில்ட் ஆன்’ வரி. அதில் 2014 ஏப்ரல் 7 அல்லது அதற்குப் பிந்தைய தேதி இருந்தால் தப்பித்தோம் என்று மூச்சுவிட்டார்கள். (சில ஆண்டுகள் கழித்து, எங்கே யார் கட்டினாலும் பைட் மாறாமல் வர வேண்டும் என்ற இயக்கம் வலுத்தபோது, டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த இடத்தில் ‘தேதி குறிப்பிடப்படவில்லை’ என்று அச்சிட ஆரம்பித்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் அந்தத் துரும்பும் போயிற்று.)

இதோடு முடியவில்லை. அந்தக் கட்டளை சொல்வது அந்தக் கட்டளை ஏற்றிய லைப்ரரியைப் பற்றி மட்டுமே. பக்கத்தில் மூன்று மாதமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் வேறு பிராசஸ். பேக்கேஜ் மேலாளர் வட்டில் பழைய கோப்பை நீக்கிப் புதியதை வைத்துவிட்டார், ஆனால் சர்வரின் பிடியில் பழைய கோப்பு நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. லினக்ஸில் அந்த பிராசஸின் ‘மேப்ஸ்’ கோப்பைத் திறந்தால், லிப்எஸ்எஸ்எல் பாதையின் இறுதியில் அடைப்புக்குள் ‘டெலிட்டட்’ என்று இருக்கும். டிபிகேஜி புதியது என்கிறது, ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையும் புதியதைத்தான் ஏற்றியிருக்கிறது, சர்வர் மட்டும் ஓட்டையோடு உலகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. டெபியனில் ‘செக்ரீஸ்டார்ட்’, ‘நீட்ரீஸ்டார்ட்’ போன்ற கருவிகள் இருப்பதே, எந்த பிராசஸ் இறந்த லைப்ரரியைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்று கண்டுபிடிக்கத்தான். ஓடும் பதிப்பை அந்த பிராசஸைத் தவிர வேறு யாரைக் கேட்டாலும் கேள்விப்பட்ட பதில்தான் கிடைக்கும். பேக்கேஜ் பட்டியலை வைத்து அதைச் சொல்வது, ஜாதகத்தைப் பார்த்து இன்றைக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் ஓடும் பதிப்பை மட்டும் சொன்னால் போதுமா? ‘எஸ்எஸ்எச்’ தன் பதிப்பைக் கேட்டால் அப்படித்தான் செய்கிறது: தன் எண், அடுத்து ஏறியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பெயர். பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூல் வெளிப்படையாகத் தருவதும் ஓடும் பதிப்பைத்தான். கட்டிய பதிப்பு அடிக்கோடிட்ட தனிப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அதே பைத்தானின் இசட்லிப் மாட்யூல் நேர் எதிர். நேரான பெயரில் இருப்பது கட்டிய பதிப்பு, ஓடும் பதிப்புக்கு 3.3-இல் ‘ரன்டைம்’ என்று வால் சேர்த்த இன்னொரு பெயரைக் கொடுத்தார்கள். ஒரே மொழி, பக்கத்துப் பக்கத்து வீடு, வழக்கம் தலைகீழ். ஒரு பக் ரிப்போர்ட்டில் ‘இசட்லிப் 1.2.11, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2’ என்று ஒருவர் இரண்டையும் எடுத்து ஒட்டினால், ஒன்று பிறந்த நாள் சான்றிதழ், மற்றது இன்றைய வருகைப் பதிவு என்பது வாசிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

இந்தக் கலப்படத்தின் தெளிவான உதாரணம் கிட். 2020-இல் 2.27 பதிப்போடு ‘கிட் பக்ரிப்போர்ட்’ என்ற கட்டளை வந்தது. பயனர் ஒரு கட்டளை தட்டினால் கணினி விவரங்களைத் திரட்டி ஒரு கோப்பில் போட்டுத் தரும், குறை சொல்பவருக்கும் தீர்ப்பவருக்கும் நேரம் மிச்சம். நல்ல யோசனை. அந்தக் கோப்பில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் வரும்: கம்பைலர் தகவல், லிப்சி தகவல். கம்பைலர் வரி மேக்ரோவிலிருந்து வருகிறது, அது கட்டிய காலத்தது. லிப்சி வரியில் வரும் ஜிலிப்சி எண், ஓடும் லைப்ரரியை ஒரு ஃபங்ஷன் மூலம் கேட்டு வாங்கியது. இரண்டு வரியும் ஒரே அச்சு, ஒரே தோரணை. அண்மைப் பதிப்புகளில் லிப்கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப் வரிகளும் சேர்ந்திருக்கின்றன. அவை மூன்றும் மேக்ரோக்கள். ஆக ஒரே தாளில் ஜிலிப்சி இன்றைய நிலவரம், இசட்லிப் அன்றைய நிலவரம்.

கிட் தரப்பில் சொல்ல நியாயம் உண்டு, அதை முழுமையாக வைக்க வேண்டும். லிப்கர்லை மையமான ‘கிட்’ நிரல் ஏற்றுவதே இல்லை. எச்டிடிபிஎஸ் வழியாகக் களஞ்சியத்தை இழுக்கும்போது ‘கிட்-ரிமோட்-எச்டிடிபி’ என்ற தனித் துணை நிரல் எழுந்து, அதுதான் கர்லோடு பேசுகிறது. பதிப்பைச் சொல்வதற்காக மட்டும் மைய நிரலில் கர்லைக் கோர்த்தால், ‘கிட் ஸ்டேட்டஸ்’ தட்டும் ஒவ்வொரு முறையும் தேவையில்லாத ஒரு பெரிய லைப்ரரியும் அதன் சுற்றமும் ஏறி இறங்கும். கிட் ஒரு ஸ்கிரிப்டில் நூற்றுக்கணக்கான முறை அழைக்கப்படும் கருவி; அந்தச் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள். மேலும் அந்த எண்கள் வரும் விருப்பத்தின் பெயரே ‘பில்ட் ஆப்ஷன்ஸ்’. கட்டிய விவரம் என்று பலகை மாட்டிவிட்டுக் கட்டிய விவரத்தைச் சொல்வதில் என்ன பொய்?

கர்ல் விஷயத்தில் இந்த வாதம் நிற்கிறது. இசட்லிப்பில் நிற்கவில்லை. இசட்லிப் மைய நிரலிலேயே கோர்க்கப்பட்டது. கிட் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் அதை வைத்துத்தான் சுருக்கி வைக்கிறது. அதன் ஓடும் பதிப்பைக் கேட்க ஒரே ஒரு ஃபங்ஷன் அழைப்பு போதும், செலவு என்று எதுவுமில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் வரி இன்னும் சிக்கலானது. எச்டிடிபிஎஸ் இணைப்பில் பூட்டுப் போடுவது கிட் கோர்த்த ஓப்பன்எஸ்எஸ்எல் அல்ல, லிப்கர்ல் தேர்ந்த லைப்ரரி. டெபியனில் கிட் பேசுவது குனூடிஎல்எஸ் வைத்துக் கட்டிய லிப்கர்லோடு. சான்றிதழ்ப் பிழையோடு வரும் ஒருவரின் அறிக்கையில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற வரியைக் கண்டவுடன் அதையே பிடித்துக்கொண்டு விசாரிக்கப் போகிறவர், சம்பந்தமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பலகை சரியாக இருந்தும் பக் ரிப்போர்ட்டுக்குள் அந்த வரிகள் இடம்பெயர்ந்தபோது பலகையின் பலம் போய்விட்டது. என் கணிப்பில் கிட் செய்தது பொய் அல்ல, அரைகுறை.

சொல்லும் முறையில் நன்றாகச் செய்தவர்கள் யார்? வயர்ஷார்க் இதில் முன்னோடி. அதன் பதிப்பைக் கேட்டால் இரண்டு பத்திகள் தரும். ‘கட்டப்பட்டது’ என்று தொடங்கும் பத்தியில் கம்பைலர், கியூடி, லிப்பிகேப், இசட்லிப். ‘ஓடுவது’ என்று தொடங்கும் அடுத்த பத்தியில் இயங்குதளம், செயலி, நினைவகம், இப்போது ஏறியிருக்கும் லிப்பிகேப்பின் எண். யாருக்கும் குழப்பம் வராது. பிணையப் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் லைப்ரரி கணினிக்குக் கணினி மாறும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. பிஎச்பியின் விவரப் பக்கத்திலும் லிப்எக்ஸ்எம்எல்லுக்குக் கட்டியது, ஏற்றியது என்று இரண்டு வரிகள், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு லைப்ரரி, ஹெடர் என்று இரண்டு வரிகள் உண்டு. ரூபியின் நோகோகிரி அதே இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறது: இந்த லிப்எக்ஸ்எம்எல் நான் கொண்டுவந்ததா, உங்கள் கணினியில் இருந்ததா என்று. பிரச்சினைகளில் பாதி அந்த மூன்றாவது வரியிலேயே தீர்ந்துவிடும்.

என்ஜின்எக்ஸ் கொஞ்சம் சிக்கனம் பிடித்தது. இரண்டும் ஒன்றானால் கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல்லை மட்டும் சொல்லும், வேறானால் மட்டுமே அடைப்புக்குள் ‘ஓடுவது இது’ என்று சேர்க்கும். அழகான யோசனைதான், ஆனால் எனக்கு எஃப்எஃப்எம்பெக்கின் வழிதான் பிடிக்கிறது. அடைப்பு இல்லை என்றால் இரண்டும் ஒன்று என்று அர்த்தமா, இந்தப் பதிப்பில் அந்தச் சோதனையே இல்லை என்று அர்த்தமா என்பதை, வரியைப் பார்ப்பவர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸின் சிக்கல் தீர்க்கும் பக்கத்தில் ‘லைப்ரரி பதிப்புகள்’ என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. என்எஸ்பிஆர், என்எஸ்எஸ் போன்றவற்றுக்கு எதிரே இரண்டு பத்திகள்: எதிர்பார்த்த குறைந்தபட்சப் பதிப்பு, பயன்பாட்டில் உள்ள பதிப்பு. நான் பார்த்தவற்றில் இதுவே சிறந்த தலைப்பு. ‘கட்டியது’ என்பது வெறும் வரலாறு; ‘குறைந்தபட்சம் இது வேண்டும்’ என்பது ஒரு நிபந்தனை. இரண்டு எண்ணையும் பார்க்கும் பாமரருக்கும் எது பெரியதாக இருந்தால் கவலை இல்லை, எது சிறியதாக இருந்தால் கவலை என்று விளங்கிவிடும்.

சரியாகச் சொல்வது ஒரு கலை என்றால், முரண்பாட்டைக் கண்டபின் எப்படி நடந்துகொள்வது என்பது அதைவிடக் கடினம். இங்கேதான் திட்டங்கள் அதிகம் சறுக்கியிருக்கின்றன.

இசட்லிப் 1996-இலிருந்தே ஒரு நிதானமான விதியை வைத்திருக்கிறது. நிரல் சுருக்கும் வேலையைத் தொடங்கும்போது, ஹெடரில் உள்ள மேக்ரோ சத்தமில்லாமல் இரண்டு தகவல்களை லைப்ரரிக்கு அனுப்பும்: நான் எந்தப் பதிப்பை நம்பிக் கட்டப்பட்டேன், என்னிடம் உள்ள ஸ்ட்ரக்சரின் அளவு எத்தனை பைட். லைப்ரரி பதிப்பின் முதல் எழுத்தையும் அந்த அளவையும் மட்டும் சரிபார்க்கும். முதல் எழுத்து ஒன்று, அளவும் ஒன்று என்றால் வேலை நடக்கும். இல்லையென்றால் பதிப்புப் பிழை என்று திருப்பி அனுப்பும், நிரலைக் கொல்லாது. நிரல் எதை நம்புகிறது என்பதைச் சொல்வது நிரலின் பொறுப்பு, ஒத்துப்போகுமா என்று தீர்ப்புச் சொல்வது லைப்ரரியின் பொறுப்பு. பொறுப்புகள் சரியாகப் பிரிந்திருக்கின்றன.

ஓப்பன்எஸ்எஸ்எச் இதற்கு எதிர்த்துருவம். அங்கே தீர்ப்பைப் பயன்படுத்துபவரே எழுதிக்கொண்டார். நிரல் தொடங்கும்போது கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணையும் ஓடும் எண்ணையும் ஒப்பிடும், விதிக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே உயிரை விடும். பழைய நாட்களில் இதற்குக் காரணம் இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0-க்கு முன்பு பதிப்புக்குப் பதிப்பு உள் அமைப்பு மாறும், தவறான லைப்ரரியோடு ஓடும் மறையாக்க நிரலைவிட ஓடாத நிரல் மேல். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது, முதல் எண் மாறாதவரை ஏபிஐ-யும் ஏபிஐ-க்கு அடியில் உள்ள பைனரி ஒப்பந்தமும் உடையாது என்று அத்திட்டம் வாக்குக் கொடுத்தது. ஓப்பன்எஸ்எஸ்எச்சின் விதியோ இரண்டாம் எண்ணும் பொருந்த வேண்டும் என்றே நின்றது. 2023 மார்ச்சில் 3.1 வந்ததும், 3.0-வோடு கட்டியிருந்த எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுத்தது. அதன் பிழைச் செய்தி இன்னும் வேடிக்கை: கட்டியது 30000080, உங்களிடம் உள்ளது 30100000. பதினாறடிமான எண்ணை அவிழ்த்து 3.0.8, 3.1.0 என்று படித்துக்கொள்வது உங்கள் பாடு. எஸ்எஸ்எச் என்பது தூரத்து சர்வருக்குள் நுழைய உள்ள ஒரே கதவு. அந்தக் கதவே திறக்க மறுத்தால், அந்தச் செய்தியைப் பார்க்கக்கூட உள்ளே போக முடியாது. பின்னர் மூன்றாம் தலைமுறைக்கு முதல் எண் பொருந்தினால் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதே அந்தச் சோதனை மீதான தீர்ப்பு.

எச்டிஎஃப்5 கதை இன்னும் கடுமையானது, ஆனால் எனக்கு அதன்மேல் கோபம் வருவதில்லை. அறிவியல் தரவுகளை, நாசாவின் புவி நோக்கும் செயற்கைக்கோள் தரவுகள் உட்பட, சேமித்து வைக்கும் வடிவம் அது. ஹெடர் 1.10.4, லைப்ரரி 1.10.5 என்று மூன்றாம் எண் மாறினாலே நீண்ட எச்சரிக்கையை அச்சிட்டு, தரவு கெட்டுப்போகலாம் என்று சொல்லி, கடைசியில் ‘பை’ என்று விடைபெற்று நிரலை நிறுத்திவிடும் வழக்கம் அதற்கு இருந்தது. பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. மீறி ஓட்ட ஒரு சூழல் மாறியை 1 ஆக்கலாம், எச்சரிக்கையும் வேண்டாமென்றால் 2. பைத்தானில் தனித்தனிப் பேக்கேஜ்கள் ஆளுக்கொரு எச்டிஎஃப்5-ஐக் கூடவே கொண்டுவருவதால், எது முதலில் ஏறியதோ அது மற்றதற்கும் பதில் சொல்லப்போய் மோதல் நடக்கும். ஆய்வாளர் பதறிப்போய் அந்த மாறியை 2 ஆக்கித் தன் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாகப் போட்டுவிடுவார். அளவுக்கு மீறிக் குரைத்த நாயின் வாயை அவரே கட்டிவிட்டார். உண்மையான திருடன் வரும் நாளில் அது சத்தம் போடாது. ஆயினும் இரண்டு எண்களையும் மனிதர் படிக்கும் வடிவில் சொல்லி, காரணத்தைச் சொல்லி, தாண்டிப் போகும் வழியையும் சொல்லிவிட்டுத்தான் அது சாகிறது. அதே தரவைத் தொடும் எச்5பை, ‘இன்ன பதிப்போடு கட்டினேன், இன்ன பதிப்பில் ஓடுகிறேன், சிக்கல் வரலாம்’ என்று எச்சரித்துவிட்டுத் தொடர்கிறது. இரண்டில் பின்னதே எனக்கு ஏற்புடையது.

பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல் எச்சரிக்கையை இணையதளம் நடத்தியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஹெடர் 50541, லைப்ரரி 50623 என்பது போல இரண்டு எண்களைக் காட்டி, சிறு பதிப்பு பொருந்தவில்லை என்று பக்கத்தின் தலையிலேயே அச்சிடும். 5.5.41-ஐ வைத்துக் கட்டியது, 5.6.23-இல் ஓடுகிறது என்பது பொருள். பெரும்பாலான தளங்கள் அதற்குப் பிறகும் ஒழுங்காகவே ஓடின. தளம் நடத்துபவரால் செய்யக்கூடியதும் எதுவுமில்லை, ஹோஸ்டிங் நிறுவனம்தான் மறுபடி கட்ட வேண்டும். சரியான தகவலைத் தவறான ஆளிடம், அதுவும் தளத்துக்கு வந்த விருந்தாளியின் முன்னால், சொன்ன குற்றம் அதற்கு உண்டு. பதிவேட்டில் எழுதியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

இதுவரை பார்த்த அத்தனை பேரும் பதிப்பு எண்ணை ஒரு பொருளின் அடையாளமாக நம்புகிறார்கள். ஹார்ட்பிளீட் அந்த நம்பிக்கையைக் குலைத்ததைப் பார்த்தோம். எஸ்க்யூலைட் மட்டும் அதைத் தாண்டி யோசித்திருக்கிறது. அதன் லைப்ரரி எண்ணோடு சேர்த்து மூல நிரலின் அடையாளத்தையும் சொல்லும்: எந்த நாள், எந்த விநாடி பதிவான நிரல், அதன் ஹேஷ் என்ன. மூல நிரலில் யாராவது கைவைத்திருந்தால் அந்த ஹேஷின் கடைசி எழுத்துகள் மாற்றப்பட்டிருக்கலாம் என்று அதன் ஆவணம் சொல்கிறது. ஹெடரின் அடையாளமும் லைப்ரரியின் அடையாளமும் ஒன்றா என்று அசர்ட் போட்டுப் பார்க்கவும் அதே ஆவணம் வழி சொல்கிறது. தன் கட்டளைவரிக் கருவியில் முரண்பாடு கண்டால் இரண்டு அடையாளங்களையும் அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகிறது. பிற நிரல்களுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. கருவியும் லைப்ரரியும் ஒரே மூலத்தில் ஒன்றாகப் பிறந்தவை என்பதால் அதற்குப் பொருந்தும்.

கண்டிப்பும் கலப்படமும் ஒருபுறம் இருக்க, எல்லா அறிக்கைகளுக்கும் பொதுவான ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நிரலாளருக்குத் தெரிந்த லைப்ரரிகளை மட்டுமே அவர் கேட்பார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய எக்ஸ்இசட் பின்கதவு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது, குறி வைத்தது எஸ்எஸ்எச் சர்வரை. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூல நிரலில் எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏவின் பெயரே கிடையாது. சில லினக்ஸ் வெளியீடுகள் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல ஒட்டுப்போட்டன, அந்த ஒட்டு லிப்சிஸ்டம்டியை இழுத்தது, அது லிப்எல்இசட்எம்ஏவை இழுத்தது. எஸ்எஸ்எச்சைப் பதிப்புக் கேட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணைக் கண்டிப்போடு சொல்லும், தன் பிராசஸுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்நியரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பெயர் சொல்லிக் கேட்கும் பட்டியலைவிட, ‘என் பிராசஸில் இப்போது ஏறியிருக்கும் எல்லாக் கோப்புகளின் பாதையும் இவை’ என்று கொட்டும் பட்டியல் இத்தகைய நாளில் பெரியது. எண் தெரியாவிட்டாலும் பாதை தெரிந்தால் போதும்; எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் எது என்பதையும் சொல்லிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்து, காலைப் பின்னால் நிறுத்தும் வேலையை ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிபர்ஆஃபீஸ் மூன்றிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. உலாவிகள் தங்களுக்கென ஒரு ஹார்ஃப்பஸைக் கூடவே கட்டிக்கொண்டு வருகின்றன. லினக்ஸ் வெளியீடு தரும் லிபர்ஆஃபீஸ் கணினியில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. ஒரே கணினி, ஒரே எழுத்துரு, இரண்டு ஹார்ஃப்பஸ். ஒரு செயலியில் எழுத்து உடைந்து புள்ளி வட்டம் தெரிந்து, பக்கத்துச் செயலியில் ஒழுங்காக வந்தால் பழி எழுத்துருமீதே விழும். ஹார்ஃப்பஸின் சொந்தக் கருவியான ‘எச்பி-ஷேப்’, தன்னைக் கட்டிய பதிப்பும் கோர்த்த லைப்ரரியின் பதிப்பும் வேறானால் அதைத் தனி வரியில் சொல்லிவிடும். லைப்ரரி எழுதியவர்களுக்குத் தெரிந்த இந்த எச்சரிக்கை, அதைப் பயன்படுத்தும் லிபர்ஆஃபீஸின் ‘பற்றி’ பெட்டிவரை வந்து சேரவில்லை.

தவறான பெயர்ப்பலகைக்கு ஓர் உதாரணம் சொல்லியே ஆக வேண்டும்: என்விடியாவின் எஸ்எம்ஐ கருவி. அதன் மேல் மூலையில் ‘குடா பதிப்பு’ என்று ஒரு எண் வரும். நிறுவியிருக்கும் குடா அதுதான் என்று நினைக்காத மாணவர் இல்லை. உண்மையில் அது இந்த டிரைவர் அதிகபட்சம் தாங்கக்கூடிய குடா. கருவித்தொகுப்பின் எண்ணைக் கம்பைலரைக் கேட்க வேண்டும், பைடார்ச் எதை வைத்துக் கட்டப்பட்டது என்று பைடார்ச்சைக் கேட்க வேண்டும். மூன்று எண், மூன்று அர்த்தம், மூன்றுக்கும் ஒரே பெயர்.

எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காகக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்பார்கள் கோ மொழிக்காரர்கள். பாதி சரி. ஒரு பைனரியைக் கொடுத்தால் எந்த மாட்யூல்கள், எந்தப் பதிப்பு என்று கோ கருவியே படித்துச் சொல்லும், 1.18 முதல் எந்த கமிட்டிலிருந்து கட்டியது என்பதும் உள்ளே இருக்கும். அங்கே கட்டியதும் ஓடுவதும் ஒன்றே. விலை, ஓட்டை வந்தால் ஒவ்வொரு பைனரியையும் மறுபடி கட்ட வேண்டும் என்பது. டைனமிக் லிங்கிங் தவிர்ப்பது அந்த விலையைத்தான்.

இனித் தீர்ப்பு. ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம் என்றால் அது ஓடும் பதிப்பாக இருக்கட்டும். கட்டிய பதிப்பைப் பின்னால் பைனரியிலிருந்தோ வெளியீட்டுக் குறிப்பிலிருந்தோ மீட்டுவிடலாம், ஓடும் பதிப்பு பிராசஸோடு சேர்ந்து மறைந்துவிடும். இடம் இருந்தால் இரண்டும் வேண்டும், எது எது என்ற பெயரோடு. பெயரில்லாத ஒற்றை எண் மௌனத்தைவிட மோசம், அது வாசிப்பவரைத் தவறான திசையில் நம்பிக்கையோடு அனுப்புகிறது. கோப்பின் பாதையும் சேர்ந்தால் நோகோகிரியின் மூன்றாம் வரிக்குச் சமம். முரண்பாடு கண்டால் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தொடர வேண்டும். நிறுத்தும் உரிமை, இசட்லிப்பில் போல, ஒத்துப்போகுமா என்று அறிந்த லைப்ரரிக்கே உரியது. வயர்ஷார்க்கும் ஃபயர்ஃபாக்ஸும் சொல்லும் முறையில் தேறுகின்றன, எஸ்க்யூலைட் அடையாளத்தில் தேறுகிறது, ஓப்பன்எஸ்எஸ்எச் தன் பழைய விதியில் தோற்றுத் திருத்திக்கொண்டது. பதிப்பை வெளியே சொன்னால் தாக்குபவருக்கு வசதி என்ற ஆட்சேபம் சர்வர் உலகத்துக்கு அனுப்பும் தலைப்பு வரிக்குப் பொருந்தும், உரிமையாளர் தன் கணினியில் தட்டும் கட்டளைக்குப் பொருந்தாது.

கிட்டுக்கு மட்டும் ஒரு திருத்தம் மிச்சம் இருக்கிறது. இசட்லிப் வரியில் ஓடும் எண்ணைச் சேர்க்க ஒரு ஃபங்ஷன் அழைப்பு போதும். கர்லுக்கு மைய நிரலைச் சுமக்கவைக்க வேண்டாம். கிட்-ரிமோட்-எச்டிடிபி ஏற்கெனவே கர்லை ஏற்றிக்கொண்டுதான் எழுகிறது, ஏறியிருக்கும் கர்லின் எண்ணையும் அந்தக் கர்ல் தேர்ந்த டிஎல்எஸ் லைப்ரரியின் பெயரையும் அச்சிட்டு வெளியேறும் ஒரு விருப்பத்தை அதற்குக் கொடுக்கலாம். பக்ரிப்போர்ட் கட்டளை அந்தத் துணை நிரலை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டு, விடையை ‘ஓடுவது’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டளையை யாரும் விநாடிக்கு நூறு முறை ஓட்டப்போவதில்லை.